நாற்பத்தொன்றாவது வேலை

அந்த வீட்டில் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன.

முதலில் நின்றது குளியலறைக் குழாய். நான்கு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய். 'அதைக் கொஞ்சம் பாருங்களேன்' என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கே தேய்ந்துபோயிருந்தது. ஊரார் கட்டடத்து லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மனுஷனுக்குச் சொந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் போட நேரம் வாய்த்ததில்லை. இப்போது வாய்த்தது. அடுத்து படுக்கையறைக் கதவின் கீச்சு நின்றது. மின்விசிறியின் டக் டக் நின்றது. ஃபிரிட்ஜின் காலடியில் ரப்பர் துண்டு வைத்ததும் அதன் உறுமல் அடங்கியது. கடைசியாக வாசல் கதவு. அது திறந்தால் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அதற்கும் எண்ணெய் விட்டு, கீலை மாற்றி, ஒரு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும்படி செய்துவிட்டார்.

வேறொருத்தியாக இருந்தால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். இவளுக்குப் பயமாக இருந்தது. அவர் எழுந்திருப்பதும் நடப்பதும் வெளியே போவதும் அந்தச் சத்தங்களை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தன. இனிமேல் எதுவும் தெரியாது.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன்பு அவள் கணவர் ஒரு சிவப்பு அட்டையைக் கழற்றினார்.

லிஃப்ட் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் உள்ளே இறங்கி வேலை பார்க்கும்போது, மேலே மின்சார சுவிட்சை அணைத்து, அதில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். அட்டையில் அவர் பெயர் இருக்கும். கீழே கொட்டை எழுத்தில், 'வேலை நடக்கிறது. மாட்டியவர் மட்டுமே கழற்ற வேண்டும்' என்று அச்சடித்திருக்கும். மாட்டியவர் வரும்வரை முதலாளியே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் அவர் அதைத் தொட்டதில்லை. அன்றைக்குக் கட்டட மேலாளர் லிஃப்டை ஓடவிடச் சொல்லி அரைமணி நேரமாகக் காதருகே நின்று நச்சரித்தார். அட்டையை மாட்டியிருந்த கூட்டாளியின் பை இருந்த இடத்தில் இல்லை. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தக் கூட்டாளி வழக்கம்போல அட்டையை மறந்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார் என்று இவர் நினைத்தார். நினைத்தார், கழற்றினார், சுவிட்சைப் போட்டார். நெட்டை பையையும் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு அடியில் குழிக்குள் இருந்தார்.

சாவு விசாரணையில் தவறு பல பேர் தலையில் பங்கு பிரிந்தது. நெட்டையும் குழிக்குள் இருந்த இன்னொரு சுவிட்சை அணைக்க மறந்திருந்தார். கம்பெனி இவருக்கு மேஜை வேலை தருகிறேன் என்றது. இவர் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். மூன்று மாதம் இப்படியே போனது.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களின் முகத்துக்கு நேரே நின்று, கண்ணுக்குச் சட்டம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ கண்களைப் பார்த்துவிட்டாள். தன் வீட்டில் இருந்த கண்கள் எதிலும் உட்காராமல் இருந்ததைப் பார்த்துத்தான் அவரை மனநல ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆலோசகர் அம்மா நல்ல பொறுமைசாலி. முக்கால் மணி நேரம் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். இவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியாக, "கையால எது செஞ்சா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

இவர் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கதவுல மேல் கீல் லூசா இருக்கு. அதான் அடியில தேய்க்குது," என்றார்.

மூன்று மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. ஆலோசகர் சிரிக்கவில்லை. மேஜையைத் துழாவி ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து நீட்டினார். கதவைச் சரிசெய்துவிட்டுத்தான் இவர் வீட்டுக்கு வந்தார்.

அன்று வெளியே வரும்போது ஆலோசகர் அவளைத் தனியாக நிறுத்திச் சொன்னார். "வீட்டுல சின்னச் சின்ன வேலையா செய்யட்டும். கை ஒரு காரியத்தைப் பிடிச்சுக்கிட்டா மனசுக்கும் பிடிச்சுக்க ஏதோ கிடைக்கும். ஆனா ஒண்ணு, நல்லா கேட்டுக்கோங்க. திடீர்னு ரொம்ப நிம்மதியாயிட்ட மாதிரி தெரிஞ்சாலோ, ஆசையா வச்சிருந்த சாமானையெல்லாம் தூக்கிக் குடுக்க ஆரம்பிச்சாலோ, உடனே எனக்குச் சொல்லுங்க. சந்தேகம் வந்தா அவர்கிட்டயே நேரா கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது."

எந்த எண்ணம் என்று அவள் கேட்கவில்லை. தெரியாதவள் மாதிரி தலையாட்டினாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், வேலை அவருக்கு நல்லதுதான் செய்தது. குழாய்க்கு வாஷர் போட்ட அன்று அவரே தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டார். மின்விசிறியைக் கழற்றிய அன்று உடம்பு அசந்து பகல் முழுக்கத் தூங்கினார். சமையலறையில் டப்பாக்கள் வைக்க ஒரு பலகை அடித்தார். அடித்து முடித்து முதல் டப்பாவை வைத்ததும் அது தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து நின்றது. இருபத்திரண்டு வருஷம் மட்டம் பார்த்த மனுஷன் வீட்டுப் பலகையைக் கோணலாக அடித்திருந்தார்! இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நாட்களில் அவருக்கு வேலை தப்பும், கோபம் வரும், ஆணியைத் திட்டுவார். உயிரோடு இருக்கிற மனுஷன் செய்கிற எல்லாவற்றையும் செய்தார்.

பிறகு எப்போது என்று சொல்ல முடியாமல் அது மாறியது. அவர் எதையும் திட்டுவதில்லை. எந்த வேலையும் தப்புவதில்லை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று வரிசையாக முடித்துக்கொண்டே போனார். கண்கள் இப்போது எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு தடவை மட்டும் பார்த்தன. மின்பலகையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதி ஒட்டினார். ஃபியூஸ் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவளை நிற்கவைத்து இரண்டு தடவை செய்துகாட்டினார்.

"எனக்கு எதுக்கு இது? நீங்கதான் இருக்கீங்களே," என்றாள்.

"தெரிஞ்சு வச்சுக்க. நல்லதுதானே," என்றார். குரலில் அப்படி ஒரு நிதானம். அவளுக்கு உள்ளங்கால் சில்லென்றது.

அவள் என்ன செய்வாள் பாவம். புத்திக்கு எட்டியதைச் செய்தாள். வேலை தீர்ந்துபோனால்தானே ஆபத்து என்று எண்ணி, ஒரு மாலை அவர் மொட்டைமாடிக்குப் போயிருந்தபோது குளியலறைக் குழாயைத் திருகி இளக்கிவிட்டாள். கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியைப் பார்வைக்கே தெரியாமல் கழற்றுகிற கை அவளுடையது. குழாய் பழையபடி சொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சமையலறையில் கொஞ்ச நேரம் நிம்மதியாக நின்றாள்.

அவர் வந்தார், கேட்டார், குனிந்து பார்த்தார். "அரை சுற்று கழண்டிருக்கு. தானா இப்படிக் கழலாது," என்றார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் துண்டை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள். அவர் பன்னிரண்டாம் எண் ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்து, அவள் கையின் மேல் தன் கையை வைத்து, அவளையே இறுக்கச் செய்தார்.

"இவ்வளவுதான். இனிமே இது ஒழுகினா நீயே பாத்துக்கலாம்."

குழாய் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வந்தான். அவன் ஒரு வெள்ளந்தி. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கதவுகளைத் திறந்து மூடி, வாய் ஓயாமல் புகழ்ந்தான். "மாப்ள ஆளே மாறிட்டாரு பாரு. நீதான் சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையற. மனுஷன் இப்பதான் நிம்மதியா இருக்காரு, அவரை நிம்மதியா இருக்க விடு."

கிளம்பும்போது அவன் கையில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் இருந்தது கணவரின் பெரிய டிரில். முதல் பதவி உயர்வின்போது வாங்கியது. அதை அவள் ஒரு தடவை இடம் மாற்றி வைத்ததற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்.

"இரவலா?" என்று கேட்டாள்.

"இல்ல, எனக்கே வச்சுக்கச் சொல்லிட்டாரு! நான் எவ்வளவோ வேண்டாம்னேன்." அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

அவன் எவ்வளவு வேண்டாம் என்றிருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். அதை நினைத்துச் சிரிக்கக்கூட அவளால் முடியவில்லை.

உடனே ஆலோசகருக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை. திங்களும் செவ்வாயும் கடையில் யாருக்கும் விடுப்பு இல்லை. ஆலோசகரிடம் என்ன சொல்வதென்று தயங்கி, நடு நடுவே வீட்டுக்கு மட்டும் போன் செய்து, ஒன்றுமில்லாததையெல்லாம் கேட்டு, அவர் குரல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். குரல் வந்தது, அதே நிதானத்தோடு. புதன்கிழமை தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். எதை ஆறப்போட்டாலும் இதை ஆறப்போடக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் ஆறப்போட்டதற்கு இன்றுவரை தன்னைத் தானே திட்டிக்கொள்கிறாள்.

பகல் பதினொரு மணிக்கு அவர் கீல் வாங்க இரும்புக் கடைக்குக் கிளம்பினார். சமையலறைச் சுவர் அலமாரிக்கு வலது கதவைப் போட்டுவிட்டார், இடது கதவு பாக்கி. போய்வர முக்கால் மணி நேரம் ஆகும். வாசல் கதவு சத்தமில்லாமல் மூடியதும் அவள் கருவிப்பெட்டியைத் திறந்தாள்.

பெட்டி துடைத்து வைத்திருந்தது. பாதிக் கருவிகள் இல்லை. அடியில் ஒரு நோட்டுப் புத்தகம்.

லிஃப்ட் வேலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கட்டடத்தில் வேலை முடிந்தால் ஒப்படைப்புத் தாள் எழுதுவார்கள். என்னென்ன வேலை முடிந்தது, இனிமேல் எதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அடியில் ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என்று இரண்டு கையெழுத்து. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

நோட்டில் அவள் வீடு இருந்தது. ஒன்று, குளியலறைக் குழாய். இரண்டு, படுக்கையறைக் கதவு. வரிசையாக நாற்பது, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு டிக். பக்கத்தில் அவளுக்கான குறிப்பு: 'இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் விடவும்.' 'கருகிய வாடை வந்தால் மூன்றாம் சுவிட்சை அணைக்கவும்.' நாற்பதாவதாகக் குழாய் மறுபடி வந்திருந்தது: 'அவளுக்கே இறுக்கத் தெரியும்.' நாற்பத்தொன்று, சமையலறை அலமாரி, இடது கதவு. அதற்கு மட்டும் டிக் இல்லை. அடியில் வெள்ளிக்கிழமைத் தேதி. ஒப்படைத்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், அவள் எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள் இருந்தது.

அவள் மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை ஆலோசகர் எடுத்தார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன். ஆனா மூடி மறைச்சுக் கூட்டிட்டு வராதீங்க. கேட்டுட்டுக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

கேட்பதாம். எப்படிக் கேட்பது? இருபது வருஷம் கூடவே வாழ்ந்தவரிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது? கருவிப்பெட்டியை மூடப்போனவள், மூடியின் உள்பக்கத்து உறையில் சிவப்பாக எதையோ பார்த்தாள். நான்கைந்து அட்டைகள், துளையில் கம்பியோடு. பெயர் எழுத வேண்டிய இடம் காலி. அவள் கொஞ்ச நேரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பேனாவை எடுத்து அதில் தன் பெயரை எழுதினாள். இடது கதவு வர வேண்டிய சட்டத்தில், கீலுக்கு அவர் போட்டுவைத்திருந்த துளைக்குள் கம்பியை நுழைத்து முறுக்கினாள்.

முறுக்கிவிட்டுத் திரும்பினால், அவர் பின்னால் நின்றார். வாசல் கதவுக்குத்தான் இப்போது சத்தமில்லையே.

கையில் கீல் பொட்டலம். கண் அட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு சிவப்பு அட்டை மாட்டியிருப்பதை அவர் பார்க்கிறார்.

"அதை எடு," என்றார்.

"மாட்டேன்."

"விளையாடற பொருளா அது? எடுன்னு சொல்றேன்ல!"

"நீங்களே எடுங்க. உங்க கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு."

அவர் இரண்டு அடி வந்தார். வலது கை உயர்ந்தது. அட்டைக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. இப்படிச் சித்திரவதை செய்கிறோமே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. இருந்தும் நகரவில்லை.

"நேரா கேக்கறேன். நேரா சொல்லுங்க," என்றாள். "செத்துப்போகலாம்னு இருக்கீங்களா?"

கீல் பொட்டலம் கையில் கசங்கியது.

"நோட்டைப் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமைன்னு தேதி போட்டிருக்கீங்க. நான் எங்க கையெழுத்து போடணும்னு குறி வேற. வீட்டை என்கிட்ட ஒப்படைச்சுட்டா ஆச்சா? கதவெல்லாம் சத்தம் போடாம இருந்தா எனக்குப் போதுமா?"

"உனக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னுதான்..." என்று தொடங்கினார். குரல் உடைந்தது. "நெட்டையோட வீட்ல போன மாசம் கூரை ஒழுகுச்சாம். பாக்கறதுக்கு ஆள் இல்லையாம். என்னாலதானே. உனக்கு அப்படி ஆகக் கூடாது. எல்லாத்தையும் சரி பண்ணி வச்சுட்டுப் போயிட்டா..."

"எது சரியாச்சு? என்னைச் சரி பண்ணீங்களா?" அவள் கத்திவிட்டாள். பிறகு குரல் தானாக இறங்கியது. "நான் கையெழுத்து போட மாட்டேங்க. இந்த வேலை முடியல. என் பேர் எழுதியிருக்கு பாருங்க. மாட்டினவங்கதான் கழட்டணும். உங்க தொழிலோட சட்டம்தானே?"

அவர் அட்டையைப் பார்த்தார், அவள் பெயரைப் பார்த்தார். உயர்ந்து நின்ற கை மெல்லக் கீழே இறங்கியது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஏழு மாதத்தில் முதல் அழுகை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தை அவர் விரல்களிலிருந்து பிரித்து எடுத்தாள். அரைமணி நேரம் கழித்து இரண்டு பேரும் மாடிப்படி இறங்கி ஆலோசகரிடம் போனார்கள்.

அதன் பிறகு மருத்துவர், மாத்திரை, வாரம் இரண்டு தடவை ஆலோசகர் என்று ஒரு வருஷம் ஓடியது. அண்ணன் டிரில்லைத் திருப்பிக் கொண்டுவந்து, உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். வேலைகள் நிற்கவில்லை. நெட்டையின் வீட்டுக் கூரைக்கும் அவர் போனார். நெட்டையின் மனைவி முதல் நாள் அவரைப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். இரண்டாவது நாள் சாத்தவில்லை. மூன்றாவது நாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசாமல். மன்னிப்பு என்றெல்லாம் சொல்வதற்கில்லை. கூரை ஒழுகாது, அவ்வளவுதான். வீட்டில் அவளும் ரம்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். இருவரும் சேர்ந்து ஒரு முக்காலி செய்தார்கள். அதில் உட்கார்ந்தால் ஆடும். அதைச் சரிசெய்யக் கூடாது என்பது அவள் உத்தரவு. ஒரு வேலை முடிந்தால் அவள் நோட்டில் இரண்டு எழுதுவாள். இப்படி ஒரு கொடுமைக்கார முதலாளியைக் கண்டதில்லை என்று அவர் முணுமுணுப்பார்.

இடது கதவு மட்டும் இன்னும் போடவில்லை. வருகிறவர்கள் கேட்பார்கள். "மாட்டினவங்க கழட்டட்டும்," என்பார் அவர்.

அவள் இன்றும் கடை விட்டு வந்தால் முதலில் பார்ப்பது அவர் முகத்தை அல்ல, அட்டையைத்தான். நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. கெட்ட நாட்களில் அவர் பழைய நிதானத்தோடு பேசும்போது அவளுக்குப் பழையபடி உள்ளங்கால் சில்லிடும். அவள் நேராகக் கேட்பாள். அவர் நேராகச் சொல்வார். சில தடவை, "ஆமா, இன்னைக்கு அப்படித்தான் இருக்கு," என்று சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு ஆலோசகரிடம் கிளம்பிவிடுவார்கள்.

போன வாரம் ஒரு மாலை வந்து பார்த்தபோது அட்டை திரும்பியிருந்தது. எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்து, வெறும் சிவப்பு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"என்னங்க!" என்று அலறினாள்.

அவர் குளியலறையிலிருந்து ஈரத் துணியோடு வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"தூசி படிஞ்சிருந்துச்சு. ரெண்டு பக்கமும் துடைச்சேன்," என்றார். "கழட்டல."

அவள் ஆடுகிற முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் எட்டி, ஒரு விரலால் அட்டையைத் திருப்பி, அவள் பெயர் தெரிகிற மாதிரி வைத்தார். அவள் மூச்சு வாங்கி முடித்ததும் நோட்டை எடுத்து, அறுபத்து மூன்று என்று போட்டு, எழுதினாள்: 'வாசல் கதவு. பழையபடி சத்தம் வர வேண்டும்.'